கொருக்குப்பேட்டைத் தம்பியின் கேமிங் கம்ப்யூட்டர்

தம்பி, உன் கேள்வியை வண்ணாரப்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து படித்தேன். ஒரு மாத விடுமுறையில் வந்திருக்கிறேன். நீ கொருக்குப்பேட்டையில் இருந்து டொராண்டோ போய் நாலு மாசம் ஆகிறது. ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்டில் இன்னும் இரண்டு பசங்களோடு தங்கியிருக்கிறாய். பார்ட் டைம் வேலையில் 1,200 டாலர் சேர்த்து வைத்திருக்கிறாய். மூன்று ரெடிமேட் கேமிங் கம்ப்யூட்டரைக் காட்டி எதை வாங்கலாம் என்று கேட்கிறாய்.

முதலாவது 849 டாலர்: ரைசன் 5 5500 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம், 500 ஜிபி எஸ்எஸ்டி. இரண்டாவது 1,099 டாலர்: ஐ5-13400எஃப், ஆர்டிஎக்ஸ் 5060, 16 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி. மூன்றாவது ஆன்லைனில் பார்த்த பழையது, 599 டாலர்: ‘ஐ7, 32 ஜிபி, கேமிங்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறான், ஐந்து ஃபேனிலும் கலர் லைட். கூடவே இரண்டு சந்தேகம். ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் பண்ணினால் மலிவாக வருமா? படிப்பு முடிந்து திரும்பும்போது வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா?

இரண்டாவதை வாங்கு. ஆனால் இந்த வாரம் வேண்டாம். கையில் இருக்கும் காசு அதற்குப் போதாது.

என்னது, 1,099 தானே என்று நினைப்பாய். நம்ம ஊரில் எம்ஆர்பி என்றால் வரி உள்பட. அங்கே ரேக்கில் ஒட்டியிருப்பது வரி இல்லாத விலை. ஒன்டாரியோவில் எச்எஸ்டி என்ற விற்பனை வரி 13 சதவீதம் பில் போடும்போதுதான் சேரும். 1,099 என்பது 1,242 ஆகிவிடும். 2012இல் நான் அங்கே போன புதிதில் ஒரு குளிர் ஜாக்கெட்டை கவுன்ட்டர் வரை எடுத்துப்போய், பத்து டாலர் குறைந்ததால் திரும்ப மாட்டிவிட்டு வந்தேன். அந்த உணர்வு உனக்கு வரக்கூடாது. இன்னொரு கணக்கும் போட்டுப் பார். ஒன்டாரியோவில் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபரில் இருந்து மணிக்கு 17.60 டாலர். ஸ்டூடன்ட் பெர்மிட்டில் இருப்பவன் படிப்பு நடக்கும்போது வாரத்துக்கு 24 மணி நேரம்தான் வெளியே வேலை பார்க்கலாம். 1,242 டாலர் என்றால் 71 மணி நேர உழைப்பு, ஏறக்குறைய மூன்று வாரம். அதில் ஒரு மணி நேரம்கூட வீணாகக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உன்னிடம் மானிட்டரும் இல்லை. அதற்கும் சேர்த்து இன்னும் இரண்டு சம்பளம் பொறு. கடையில் மாதத் தவணை என்று ஒரு கிரெடிட் கார்டை நீட்டுவார்கள், வாங்காதே. கடை கார்டுகளின் வட்டி 30 சதவீதத்தை ஒட்டி நிற்கும். தண்டையார்பேட்டையில் கந்து வட்டிக்கு வாங்கி மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே அதே வட்டிதான் பளபளப்பான தாளில் அச்சடித்து வருகிறது.

மூன்றாவதை முதலில் ஒதுக்கிவிடுவோம். ஐ7 என்பது ஒரு குடும்பப் பெயர், அவ்வளவுதான். அதன் பக்கத்தில் இருக்கும் எண்தான் ஆளைச் சொல்லும். நீ அனுப்பிய படத்தில் கீழே பொடி எழுத்தில் ஐ7-4770 என்று இருக்கிறது. அது 2013இல் வந்தது. உன் இரண்டாவது பெட்டியில் இருக்கும் ஐ5 2023இல் வந்தது, பத்து கோர். பேரில் பெரியதாக இருந்தாலும் அந்த ஐ7 இதன் பக்கத்தில் நிற்காது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தத் தலைமுறை விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. ஆபீஸ்களில் கழித்த மிஷினுக்குக் கலர் லைட் கேபினட் மாட்டி விற்கிறார்கள். பர்மா பஜாரில் மேல் கவர் மாற்றிய போனை நம் கண் எப்படிக் கண்டுபிடிக்குமோ, அந்தக் கண்ணை அங்கேயும் திறந்து வை.

அடுத்து 849 டாலர் பெட்டி. இது மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டு இருக்கிறது. 2022இல் வந்தது 8 ஜிபி. 2024இல் வந்தது 6 ஜிபி. மெமரி மட்டும் குறைந்தது என்று நினைக்காதே. கோரும் குறைவு, மெமரிக்குப் போகும் வழியும் 128 பிட்டில் இருந்து 96 பிட்டாகச் சுருங்கிவிட்டது. பெட்டி மேல் இரண்டுக்கும் 3050 என்றுதான் போடுவார்கள். உன் விளம்பரத்தில் ஜிபி எழுதவில்லை. எழுதாமல் விட்டால் 6 ஜிபி என்றே வைத்துக்கொள். இரண்டாவது பெட்டியின் 5060, அந்த 6 ஜிபி கார்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஓடும். விலை வித்தியாசம் 250 டாலர். அந்த 500 ஜிபி எஸ்எஸ்டியும் நீ சொன்ன நாலு கேமை ஏற்றினாலே நிரம்பிவிடும். இதை வாங்கினால் ஒரு வருஷத்தில் கார்டை மாற்ற ஆசை வரும், அப்போது மிஷினுக்குக் கரன்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் போதாது, இரண்டையும் மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே வேண்டாம்.

5060-லும் ஒரு குறை உண்டு, மறைக்க விரும்பவில்லை. அதிலும் 8 ஜிபிதான். புது கேம்களில் டெக்ஸ்சரை, அதாவது படத்தின் நுணுக்கத்தை, அல்ட்ராவுக்கு ஏற்றினால் திணறும். நீ 1080பி மானிட்டரில் ஆடப்போகிறாய், ஹையில் வைத்து ஆடு, போதும்.

இப்போது முக்கியமான விஷயம். நம்ம ஊரில் ஏரியாவில் ஒரு அண்ணன் இருப்பார். அவர் ரிச்சி ஸ்ட்ரீட் போய் பார்ட்ஸ் எடுத்துவந்து நம் வீட்டுத் தரையில் உட்கார்ந்து மாட்டிக்கொடுப்பார். கெட்டுப்போனால் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். நாம் நம்பியது பில்லை இல்லை, அந்த அண்ணனை. அங்கே உனக்கு அப்படி ஒருவர் இல்லை. கடையில் மிஷினைத் திறந்து பார்க்கவே தனிக் கூலி. பார்ட்ஸ் தனித்தனியாக வாங்கினால் வாரன்டியும் தனித்தனி. எது கெட்டது என்று நீயே கண்டுபிடித்து, நீயே பார்சல் கட்டி அனுப்ப வேண்டும். புதிதாக வந்தவனுக்கு ஒரே பில், ஒரே வாரன்டி, திருப்பிக் கொடுக்க ஒரு தேதி, இந்த மூன்றும்தான் அந்த அண்ணனுக்குப் பதில். அதனால்தான் ரெடிமேட் என்கிறேன். ராம் விலையும் இப்போது அசெம்பிளுக்கு எதிராக நிற்கிறது. 2025 கடைசியில் இருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் சில்லறை விலை பயங்கரமாக ஏறிவிட்டது. மைக்ரான் கம்பெனி க்ரூஷியல் என்ற பெயரில் நமக்கு விற்றுவந்த ராம், எஸ்எஸ்டி தொழிலையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பழைய விலையில் வாங்கிய ராமோடு கடையில் நிற்கும் ரெடிமேட் பெட்டி கிடைத்தால் அது லாபம்.

ஆனால் ரெடிமேட்காரர்கள் காசை எங்கே மிச்சம் பிடிப்பார்கள் தெரியுமா? விளம்பரத்தில் வராத இடத்தில். ஐ5, 5060 என்று பெயர் சொல்லிவிட்டு, எஸ்எம்பிஎஸ் என்ன கம்பெனி, எத்தனை வாட் என்று எழுதமாட்டார்கள். கடைக்குப் போய் கண்ணாடிப் பக்கம் குனிந்து பார். எஸ்எம்பிஎஸ் கீழே மூடிக்குள் இருக்கும். பின்பக்கம் கையாலேயே திருகும் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் தகடு வந்துவிடும், உள்ளே ஸ்டிக்கர் தெரியும். டிஸ்பிளே பீஸில் இதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை, கூச்சப்படாதே. 5060 கார்டு 145 வாட் தின்னும், மொத்த மிஷினுக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று அந்த சிப்பைச் செய்யும் என்விடியாவே சொல்கிறது. தெரிந்த கம்பெனிப் பெயரும், கரன்டை அதிகம் வீணாக்காது என்று காட்டும் 80 பிளஸ் முத்திரையும் இருக்க வேண்டும். ராமைப் பார்: 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருந்தால் மெமரி பாதி வழியில்தான் ஓடும். 8 ஜிபி இரண்டாக இருப்பது நல்லது. மதர்போர்டும் கேபினட்டும் சாதாரண அளவா என்றும் கேள். சில பெரிய கம்பெனிகள் தங்களுக்கென்று தனி வடிவத்தில் போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் செய்வார்கள், பின்னால் வெளியில் வாங்கி மாற்ற முடியாது.

வாங்கி வந்ததும் சுவிட்சைப் போடாதே. முதலில் கண்ணாடியைக் கழற்று. உள்ளே தலையணை மாதிரி ஒரு ஃபோம் உப்பிக்கொண்டு இருக்கும், கார்டு ஆடாமல் இருக்க வைத்தது. அதை எடுக்காமல் ஆன் செய்தால் ஃபேன் சுற்ற முடியாது, சூடும் வெளியே போகாது. அப்புறம் மானிட்டர் ஒயரை மேலே இருக்கும் போர்டு ஓட்டையில் சொருகாதே, கீழே படுத்திருக்கும் கிராபிக்ஸ் கார்டில் சொருகு. 13400எஃப்-இல் அந்த ‘எஃப்’ என்றால் பிராசஸருக்குள் கிராபிக்ஸ் கிடையாது என்று அர்த்தம். போர்டில் சொருகினால் திரை கறுப்பாகவே இருக்கும், மிஷின் கெட்டது என்று பயந்துவிடுவாய். திருப்பிக் கொடுக்கும் தேதி எத்தனை நாள் என்று பில்லிலேயே பார்த்துக்கொள். அந்த நாட்களுக்குள் தினமும் நாலு மணி நேரம் கனமான கேமாக ஓட்டு. பெட்டி, தெர்மாகோல், ஃபோம் எதையும் எறியாதே. முதல் இரண்டு வருஷத்தில் நீ எப்படியும் இரண்டு வீடு மாறுவாய், அப்போதும் அந்தப் பெட்டி வேண்டும்.

பேஸ்மென்ட் என்றதால் இதையும் சொல்கிறேன். குளிர்காலத்தில் அறையில் ஒரு ஹீட்டர் வைப்பாய். அது 1,500 வாட். அங்கே கரன்ட் 120 வோல்ட், ஒரு லைனுக்கு வழக்கமாக 15 ஆம்ப், அதாவது 1,800 வாட்தான் தாங்கும். உன் மிஷினும் மானிட்டரும் சேர்ந்து 350 வாட் இழுத்தால் அந்த அளவைத் தாண்டிவிடும், பிரேக்கர் விழலாம். பாதி ஆட்டத்தில் கரன்ட் போவது மட்டும் இல்லை, பிரேக்கர் பெட்டி வீட்டுக்காரர் மாடியில் இருந்தால் நடுராத்திரி அவர் கதவைத் தட்ட வேண்டும். அந்த அறையில் எந்த பிளக் எந்த லைனில் இருக்கிறது என்று பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்.

கடைசியாக, ஊருக்குக் கொண்டுவருவது. நான் கொண்டுவந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். 2014இல் என் பழைய மிஷினை என் தம்பிக்காக வண்ணாரப்பேட்டைக்கு எடுத்துவந்தேன். பின்னால் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு சின்ன சிவப்பு சுவிட்ச், 115 என்று காட்டிக்கொண்டிருந்தது. நான் கவனிக்கவில்லை. அம்மா காபி எடுத்துவரப் போயிருந்தார்கள், தம்பி ஆசையாக பிளக்கைச் சொருகினான். நம்ம 230 வோல்ட் ஏறியதும் பட்டாசு மாதிரி ஒரு சத்தம், கருகின வாடை, வீடே இருட்டு. அவன் முகம் இன்னும் கண்ணில் இருக்கிறது. தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக அழுதான். தப்பு என்னுடையது. நல்லவேளை எஸ்எம்பிஎஸ்ஸோடு போயிற்று, மறுநாள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வேறு வாங்கி மாட்டினோம். இப்போது வரும் நல்ல எஸ்எம்பிஎஸ்களில் ஸ்டிக்கரில் ‘100-240’ என்று இருக்கும், அந்தச் சுவிட்சே இருக்காது. கடையில் ஸ்டிக்கரைப் பார்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மானிட்டரை அங்கேயே விற்றுவிடு. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றிக் கைப்பையில் வை. போர்டிலேயே விட்டால் லக்கேஜ் எறியும் வேகத்தில் ஸ்லாட் உடையும். கஸ்டம்ஸில் 18 வயது நிரம்பியவர் ஒரு லேப்டாப்பை வரியில்லாமல் கொண்டுவரலாம், டெஸ்க்டாப்புக்கு அந்தத் தனிச் சலுகை கிடையாது. அது மற்ற சாமான்களோடு வரியில்லாப் பொது அளவில் சேரும். பில்லைக் கையில் வைத்திரு.

இன்னொன்று, நேற்றுதான் பார்த்தேன். என் தம்பியின் கேபினட்டைத் திறந்தேன். பின்பக்க ஸ்க்ரூ எல்லாம் துரு. ஃபேன் இறக்கையில் கறுப்பாக, விரலில் எண்ணெய் போல ஒட்டும் தூசி. கடல் காற்றும், எண்ணூர் ஹைரோட்டில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிப் புகையும் சேர்ந்த தூசி அது. துணியில் துடைத்தால் போகவில்லை, பெயின்ட் பிரஷ் வாங்கி ஒரு மணி நேரம் தேய்த்தேன். உங்கள் வீட்டுப் பக்கமும் அதே காற்றுதான். முன்பக்கம் கழற்றித் தட்டக்கூடிய வலை ஃபில்டர் இருக்கும் கேபினட்டாகப் பார்த்து வாங்கு, அங்கே கம்பளித் தூசிக்கும் உதவும், இங்கே வந்தால் இதற்கும் உதவும்.

அந்த இரண்டாவது பெட்டியின் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். நான் இருபதாம் தேதி வரை இங்கேதான் இருக்கிறேன். கொருக்குப்பேட்டை கேட் தாண்டினால் உங்கள் வீடு. உன் அம்மா ஊறுகாயோ பருப்புப் பொடியோ கொடுப்பதாக இருந்தால் வாங்கி வருகிறேன், பெட்டியில் மூன்று கிலோ இடம் இருக்கிறது.