அடிபட்டவர்கள்தான் நல்ல தலைவர்களா?

"வாழ்க்கையில் அடிபட்டவர்கள்தான் நல்ல தலைவர்களாக வருகிறார்கள் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ தலைமைத்துவப் பயிற்சிக்குப் போய்வந்த சூட்டோடு கேட்கிறீர்கள் போல. சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பில் அந்தப் பயிற்சிகளுக்குக் குறைவே இல்லை. சுவரில் பெரிய தாள், கலர் பேனை, பத்து மணிக்கு பற்றிஸும் தேத்தண்ணியும். மண்டேலா 27 வருடம் சிறையில் இருந்த கதை தவறாமல் வரும். சிம்பாப்வேயில் ஆட்சிக்கு வந்து சர்வாதிகாரியாக மாறிய முகாபேயும் 1964இலிருந்து 1974 வரை சிறையில் கிடந்தவர்தான். அவரைப் பற்றி ஒருவரும் மூச்சு விட்டதில்லை.

கஷ்டம் ஒருவரை நல்லவராக்கும் என்பதை நான் நம்பவில்லை. எந்த இடத்தில் அநியாயம் நடக்கும் என்று அடிபட்டவருக்குத் தெரியும். தெரிந்ததை வைத்து என்ன செய்கிறார் என்பது ஆளைப் பொறுத்தது.

எங்கள் மாமியைச் சொல்கிறேன், அப்பாவின் தங்கச்சி. நாவலடியில் வீடு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல்திட்டி. 2004 டிசம்பர் 26 காலை வந்த தண்ணீர் மாமாவையும் சின்ன மகனையும் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியவர்கள் எல்லோரும் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். முதல் நாள் சோற்றுப் பார்சலோடு வந்த லொறி வாசலுக்குக் கிட்ட இருந்த வகுப்பறைகளோடு காலியாகிவிட்டது. அடுத்த லொறி வந்தபோது மாமி குறுக்கே போய் நின்றார். "கடைசி வகுப்புல இருந்து தொடங்குங்க. வாசல்ல இருக்கிறவனுக்கு எப்பிடியும் கிடைக்கும்" என்றார். அழுதழுது குரல் அடைத்திருந்தது, ஆனாலும் லொறிக்காரர் கேட்டார்.

அது எங்கிருந்து வந்தது என்றால், 1978 நவம்பர் 23 சூறாவளியிலிருந்து. அப்போது மாமி சிறுமி. நிவாரண மாவு ரோட்டோரத்து வீடுகளோடு முடிந்துபோய், உள்ளே இருந்த இவர்கள் வெறும் வாளியோடு திரும்பியிருக்கிறார்கள். லொறியை மறித்த மறுகா, அந்தப் பள்ளிக்கூட முகாமில் மாமி தடித்த சீஆர் கொப்பி ஒன்று எடுத்தார். யாருக்குக் கைக்குழந்தை, யாருக்குச் சீனி வருத்தம், யார் மாசமாக இருக்கிறார் என்று அதில் எல்லாம் இருக்கும். பால்மா வந்தால் கொப்பிப்படிதான் போகும்.

அதே முகாமில் இன்னொருவரும் இருந்தார். இழப்பு என்று பார்த்தால் மாமியை விட அதிகம். 78ஐயும் கண்டவர்தான். அவர் கையில் நிவாரணப் பட்டியல் போனதும் சொந்தக்காரர் பெயர் எல்லாம் இரண்டு இரண்டு தடவை ஏறியது. எந்த இடத்தில் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று அவருக்கும் நன்றாகத் தெரியும் இல்லையா! பெயர் சொல்லமாட்டேன், பிள்ளைகள் இப்போதும் ஊரில் இருக்கிறார்கள்.

சொந்தம் என்பதால் தூக்கிப் பேசுகிறேன் என்று யாராவது கீழே வந்து எழுதுவீர்கள். மாமிக்குப் பொல்லாத வாய், உதவ வந்த தொண்டர் பிள்ளைகளை அழவைத்திருக்கிறார். பயிற்சி நடத்தியவர்களையும் நான் மட்டம் தட்டவில்லை, அதில் மனசாரச் செய்தவர்கள் உண்டு. ஆனால் ஒரு பயிற்சியில் "சுனாமி உங்களுக்கு என்ன கற்றுத்தந்தது?" என்று மாமியிடம் கேட்டார்கள். "அது ஒண்டும் படிப்பிக்கல்ல, எடுத்துக்கொண்டுதான் போனது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். தாளில் அதை யாரும் எழுதவில்லை.

கேட்டதற்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள், எங்கள் ஆட்களில் பலருக்குத் திராய்மடுவில் வீடு கிடைத்தது. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான், தாய் மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பது. படிவத்திலோ குடும்பத் தலைவர் என்று ஒரு கட்டம், அதில் புருஷன் பெயர். சீதன வீட்டைக் கடலுக்குக் கொடுத்த பெண்கள் பலர் புது வீட்டில் உரிமை இல்லாமல் குடியேறினார்கள். மாமி அவர்களைக் கூட்டிக்கொண்டு கந்தோருக்கு அலைந்து சிலருடையதை மாற்றிக்கொடுத்தார். என் தங்கச்சியுடையது மாறவில்லை, இன்னும் மச்சான் பெயரில்தான் கிடக்கிறது. மச்சான் தங்கமான மனுசன், அது வேறு. ஆனால் அம்மா கொடுத்த வீட்டுக்குப் பதிலாக வந்த வீட்டைத் தன் மகளுக்கு எழுத, அவள் அவரிடம் கையெழுத்துக் கேட்டு நிற்க வேண்டும்.