எச்-4 விசாவில் நாய் பழக்கப் போகலாமா?

தங்கச்சி, அமெரிக்கா வந்து நாலு மாசம், எச்-4ல, அதாவது வீட்டுக்காரரோட வேலை விசாவை ஒட்டி வந்த விசாவுல, வேலைக்கும் போக முடியலை, நூலகத்துல கோட்டு மாட்டின நாய் ஒண்ணைப் பார்த்தேன், அதைப் பழக்குற அமைப்புல சேரலாமா, விசாவுக்கு வில்லங்கம் வருமா, நாய்னா கொஞ்சம் பயமும் இருக்கு. இதுதானே நீங்க கேட்டது? நான் கலிஃபோர்னியா வந்து பதினாலு வருஷம். முதல் ஆறு வருஷம் நானும் அதே விசாதான்.

விசா கதையை முதல்ல முடிச்சிடுறேன். லாப நோக்கமில்லாத அமைப்புல, வழக்கமா யாருக்கும் சம்பளம் தராத ஒரு வேலையை நீங்களும் சும்மா செய்யலாம். சம்பளத்துக்கு ஆள் வைக்கிற வேலையை மட்டும் இலவசமா செஞ்சு தராதீங்க. கூண்டு கழுவலாம், அதே இடத்துல கணக்குப் பார்த்துத் தரேன்னு உட்காரக் கூடாது. கிஃப்ட் கார்டு நீட்டினாலும் வேண்டாம்னுடுங்க. சந்தேகம்னா வீட்டுக்காரரோட கம்பெனி வக்கீலுக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுக்கலாம்.

நீங்க ரெண்டு விஷயத்தை ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறீங்க. கைவிடப்பட்ட பிராணிகளை எடுத்து வச்சுத் தத்துக் கொடுக்கிற ஷெல்டர் வேற. ஊனமுற்றவங்களுக்கு உதவ நாய் பழக்குற அமைப்பு வேற. ஷெல்டர்ல சிலது கவுன்ட்டி, அதாவது மாவட்ட நிர்வாகம் மாதிரி, நடத்துறது, சிலது தனியார் தொண்டு அமைப்பு. பிராணி வதையைத் தடுக்கிற ஏஎஸ்பிசிஏ அமைப்பு 1866ல ஹென்றி பெர்க் நியூயார்க்ல ஆரம்பிச்சது. அந்தப் பேரை வச்சு உங்க ஊர் எஸ்பிசிஏவும் அதோட கிளைன்னு நினைச்சுடாதீங்க. தனித்தனி நிர்வாகம், தனித்தனி உண்டியல். நீங்க டிவி விளம்பரம் பார்த்து அங்க போடுற காசு தானா இங்க வந்து சேராது.

உதவி நாய் அமைப்புகள் பெரும்பாலும் தாங்களே இனவிருத்தி செஞ்ச லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் குட்டிகளைத்தான் எடுத்துக்குவாங்க. 1929ல தொடங்கின 'தி சீயிங் ஐ' பார்வையற்றவங்களுக்கு வழிகாட்டுற நாய்களைப் பழக்குது. 1975ல இங்க சான்டா ரோசாவுல ஆரம்பிச்ச 'கேனைன் கம்பேனியன்ஸ்' சக்கர நாற்காலிக்காரங்களுக்குக் கீழ விழுந்த சாவியை எடுத்துத் தர, கதவைத் திறந்துவிடன்னு பழக்கி, நாயை இலவசமாவே கொடுக்கிறாங்க. ஷெல்டர் நாயையே எடுத்துப் பழக்கின ஆளும் உண்டு. ஒரேகன்ல ராய் கபாட் 1977ல ஆரம்பிச்ச அமைப்பு, காது கேட்காதவங்களுக்காக அப்படித்தான் செஞ்சுது. எனக்கு ரொம்பப் பிடிச்சது வில்மா மெல்வில் 1996ல தொடங்கின தேடுதல் நாய் அமைப்பு. பந்துக்குப் பைத்தியமா அலையுது, வீட்டுல வச்சுச் சமாளிக்க முடியலைன்னு தள்ளிவிட்ட நாய்தான் அவங்களுக்கு வேணும். இடிபாட்டுக்குள்ள ஆளைத் தேட அந்த வெறிதான் முதலீடு.

நீங்க கேட்ட வேலைக்குப் பேரு 'பப்பி ரைசர்'. எட்டு வாரக் குட்டியைக் கொடுத்து, ஏறக்குறைய ஒன்றரை வயசு வரைக்கும் வளர்க்கச் சொல்லுவாங்க. லிஃப்ட், பேருந்து, கூட்டம், மேசைக்கு அடியில ரெண்டு மணி நேரம் சத்தமில்லாம படுக்குறது, இதெல்லாம் நம்ம பொறுப்பு. ஒன்னுக்குப் போகவும் கட்டளை உண்டு. எங்க அமைப்புல 'ஹரி'ன்னு சொல்லணும், சீக்கிரம்னு அர்த்தம். மாமியார் வந்திருந்தப்ப, விடியக்காலையில புல்தரையில நின்னு நான் "ஹரி, ஹரி"ன்னு சொல்றதைக் கேட்டு, மருமகளுக்குத் திடீர்னு பக்தி வந்துடுச்சுன்னு ரெண்டு நாள் சந்தோஷப்பட்டாங்க.

ஒரு அசடு வழிஞ்ச கதையும் சொல்லிடுறேன். பயிற்சிக் குட்டியோட ஒரு கடைக்குப் போனேன், மேலாளர் தடுத்தார். "ஏடிஏ சட்டம் தெரியுமா? ரெண்டு கேள்விக்கு மேல நீங்க கேட்கக் கூடாது"ன்னு நான் எகிறினேன். ஏடிஏன்னா ஊனமுற்றவங்க உரிமைக்கான அமெரிக்கச் சட்டம். அந்த ரெண்டு கேள்வி சரிதான்: ஊனத்தின் காரணமா இந்த நாய் தேவைப்படுதா, என்ன வேலை செய்யப் பழக்கியிருக்கு. காகிதம் காட்டச் சொல்லக் கூடாது, செஞ்சு காட்டுன்னும் சொல்லக் கூடாது. ஆனா அந்தச் சட்டம் முழுசாப் பழகின நாய்க்குத்தான். பயிற்சியில இருக்கிறதுக்கு அந்தந்த மாநிலச் சட்டம்தான் பேசும். எனக்கு அது அப்புறம்தான் தெரிஞ்சுது. இதோட இன்னொண்ணு: காசு கட்டினா சர்வீஸ் நாய்ச் சான்றிதழ் தரோம்னு இணையத்துல நிறைய பேர் விக்கிறாங்க. சட்டத்துக்கு முன்னால அது வெறும் காகிதம். அபார்ட்மென்ட்ல நாய் வச்சுக்க அந்தக் குறுக்குவழியை யாராவது சொல்லிக் கொடுத்தா காதுல போட்டுக்காதீங்க.

வளர்த்துத் திருப்பிக் கொடுக்கணும்ங்கறதைத்தான் எல்லாரும் கடைசியா யோசிக்கிறாங்க. எங்க குட்டி மேல்பயிற்சிக்குப் போய் ரெண்டு வாரத்துக்கு, ஒவ்வொரு சிவப்பு சிக்னல்லயும் என் கை தானா கோட்டுப் பையில தீனியைத் தேடிச்சு. எல்லா நாயும் தேறாது. அவளும் தேறலை, பஸ் பிரேக் 'புஸ்'னா போதும், நடுங்கிடுவா. தேறாததை வளர்த்தவங்களுக்குத்தான் முதல்ல வேணுமான்னு கேட்பாங்க. அப்ப நாங்க இருந்த இடத்துல நாய்க்கு அனுமதி இல்லாத ஒரு புது லீஸ்ல கையெழுத்துப் போட்டிருந்தோம். வேற குடும்பம் எடுத்துக்கிச்சு. அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்ட எங்க மேலதான் இன்னிக்கும் எனக்குக் கோபம்.

அதனால நீங்க எடுத்த எடுப்புல பப்பி ரைசர் ஆக வேண்டாம், பயம் வேற இருக்குன்னு சொல்றீங்க. பக்கத்து ஷெல்டர்ல அறிமுக வகுப்புக்குப் பேர் கொடுத்து, துணி துவைக்கிற ஷிஃப்ட்டைக் கேளுங்க. முதல் மூணு மாசம் நான் தொட்ட நாயை விடத் துவைச்ச துண்டுதான் அதிகம். பிறகு கூண்டுக்கு வெளியே பக்கவாட்டுல உட்காருங்க, கண்ணைப் பார்க்காதீங்க, ஒவ்வொரு தீனியா உள்ள உருட்டிவிடுங்க. மூலையில ஒடுங்கிக் கிடக்கிறது மெல்ல முன்னால வரும். உங்களை விட அது பயந்திருக்கும். மூடின ஷூ போட்டுட்டுப் போங்க, துப்பட்டா வேண்டாம், பல்லுல மாட்டும்.