விமான மைய நகரங்கள் கைமாறுவது எப்படி? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஒரு நகரத்தை மையமாக, அதாவது ஹப் ஆக, வைத்துக்கொள்வதால் விமான நிறுவனத்துக்கு என்ன ஆதாயம்?

பதில்: மையத்திலிருந்து 10 ஊர்களுக்கு விமானம் இயக்கினால், மையத்துக்கும் ஊர்களுக்கும் இடையே 10, ஊருக்கு ஊர் 45 என்று 55 தடங்களுக்குப் பயணச்சீட்டு விற்கலாம்; ஊர்கள் 50 ஆனால் தடங்கள் 1,275. ஒரு திசையிலிருந்து விமானங்கள் அலையாக வந்திறங்க, பயணிகள் வாயில் மாறி ஏற, சிறிது நேரத்தில் அவை மறுதிசையில் அலையாகக் கிளம்பும். ஆனால் 50 ஊர்களில் ஒன்றை நிறுத்தினாலும் 50 தடங்கள் ஒருசேரப் போய்விடும். மையங்கள் சரியத் தொடங்கினால் வேகமாகச் சரிவதற்கு இதுவே காரணம்.

கேள்வி: பணபலமுள்ள போட்டியாளர் வந்தால் மையத்தைப் பறித்துவிட முடியுமா?

பதில்: நேருக்கு நேர் மோதிப் பறிப்பது அரிது. அதிக விமானங்களை இயக்கும் நிறுவனத்தையே உள்ளூர் நிறுவனங்களும் அடிக்கடி பறப்பவர்களும் நாடுவதால், இரண்டாம் இடத்தில் இருப்பவர் அதே செலவுக்குக் குறைந்த வருவாயே பெறுவார். டாலஸ் நகரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கு எதிரே நெடுங்காலம் மையம் நடத்திய டெல்டா, 2005 ஜனவரியில் அதைக் கைவிட்டு, விமானங்களை அட்லாண்டா முதலிய தன் பிற மையங்களுக்கு மாற்றிக்கொண்டது. அதே டெல்டாவுக்கு அட்லாண்டாவில் முழு ஆதிக்கம் கிடைத்தது, எதிரில் இருந்த ஈஸ்டர்ன் நிறுவனம் 1991 ஜனவரியில் பணமின்றி நின்றுபோன பிறகுதான். சிகாகோவில் யுனைடெட், அமெரிக்கன் இரண்டும் மையம் நடத்த முடிவதற்குக் காரணம், அந்நகரத்திலேயே தொடங்கும் அல்லது அங்கேயே முடியும் பயணங்கள் ஏராளம் என்பதே. ஒரு மையத்தின் ஆயுளை மதிப்பிட நான் முதலில் பார்ப்பது இந்த உள்ளூர்ப் பயணிகளின் எண்ணிக்கையைத்தான். இணைப்புப் பயணியை எந்த ஊர் வழியாகவும் திருப்பிவிடலாம்.

கேள்வி: போட்டியே இல்லாத மையங்களும் மூடப்படுகின்றனவே, ஏன்?

பதில்: பெரும்பாலும் நிறுவன இணைப்புகளால். செயின்ட் லூயிஸை மையமாகக் கொண்டிருந்த டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனத்தை 2001-இல் வாங்கிய அமெரிக்கன், தனக்கு ஏற்கெனவே சிகாகோவும் டாலஸும் இருந்ததால், 2003-இல் அங்கே சேவைகளைப் பாதியாகக் குறைத்தது. நெரிசலைத் தீர்ப்பதற்காக அந்நகரம் நூறு கோடி டாலருக்கு மேல் செலவிட்டுக் கட்டிய புதிய ஓடுபாதை 2006-இல் திறக்கப்பட்டபோது, தீர்ப்பதற்கு நெரிசலே இருக்கவில்லை. கட்டுமானம் ஊரில் நிலைத்துவிடுகிறது, விமானமோ ஒரே அட்டவணை மாற்றத்தில் போய்விடுகிறது. நகர நிர்வாகங்கள் இதை எண்ணிப் பார்க்காமல் கடன் வாங்குவது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. நார்த்வெஸ்ட் விமான நிறுவனத்தின் மையமாக இருந்த மெம்ஃபிஸும், அது டெல்டாவுடன் இணைந்த பின் அட்லாண்டாவுக்கு அருகில் இருந்த காரணத்தாலேயே 2013-இல் டெல்டாவால் கைவிடப்பட்டது. ஆனால் ஃபெடெக்ஸின் சரக்கு மையமாக அதே நிலையம் இன்றும் இரவெல்லாம் இயங்குகிறது. பொட்டலங்களுக்கு உள்ளூர்ப் பயணிகள் தேவையில்லை.

கேள்வி: நெரிசல் மிகுந்த நிலையங்களில் புதியவர் எப்படி இடம்பிடிப்பது?

பதில்: அங்கே ஸ்லாட் எனப்படும் புறப்பாடு, வருகை நேர உரிமைதான் சொத்து. ஒதுக்கப்பட்டதில் 80 விழுக்காட்டைப் பயன்படுத்தினால் அடுத்த பருவத்திலும் அது பழைய நிறுவனத்துக்கே சேரும் என்பது பொது விதி. ஆகவே பழையவர் வீழ்ந்தால்தான் பெரிய வாய்ப்பு: 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றதும் மும்பையில் அதன் ஸ்லாட்டுகள் பிற இந்திய நிறுவனங்களுக்குப் பிரித்து வழங்கப்பட்டன.

கேள்வி: மையத்தை இழந்த ஊரில் கட்டணம் உயருமா?

பதில்: குறைவதே வழக்கம். டெல்டாவின் ஆதிக்கத்தில் அமெரிக்காவிலேயே மிக உயர்ந்த கட்டணங்களுக்குப் பெயர்பெற்றிருந்த சின்சினாட்டியில், அது சுருங்கிய பின் ஃபிரண்டியர், அலீஜியன்ட் போன்ற மலிவுக் கட்டண நிறுவனங்கள் நுழைந்தன. புடாபெஸ்டில் 2012 பிப்ரவரியில் ஹங்கேரி விமான நிறுவனமான மலேவ் நின்றவுடன் ரயன்ஏரும் விஸ் ஏரும் விரைந்து விரிந்தன. ஆயினும் இவை முக்கியமாக ஊருக்கு ஊர் நேரடியாகப் பறப்பவை. ஒரே சீட்டில் விமானம் மாறிச் செல்லும் வசதியை ஈடுசெய்பவை அல்ல.