தோட்டத்துத் தனிவீட்டில் குறைந்தபட்சம் என்னென்ன இருக்க வேண்டும்?

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்தில் லயத்தில், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பில், இருக்கும் இருபது குடும்பங்களுக்குத் தனிவீடு கட்டப் போகிறார்கள். எங்கள் இளைஞர் கழகத்திடமும் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்குக் குறைந்தபட்சம் இதெல்லாம் வேண்டும் என்று எதைக் கேட்கலாம்? "கிடைப்பதை வாங்கிக்கொள்ளுங்கள், சட்டம் பேசிக் கெடுத்துவிடாதீர்கள்" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

பதில்:

தம்பி, அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை. "கிடைப்பதை வாங்கிக்கொள்" என்பதைக் கேட்டே வளர்ந்தவன் நான். பெரியவர்கள் பயத்தில் சொல்கிறார்கள். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதனால் அவர்கள் மேல் கோபப்படாதீர்கள், ஆனால் கேட்காமலும் இருந்துவிடாதீர்கள்.

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில், பணிய (கீழ்) லயத்தில், ஆறாவது காம்பராவில் பிறந்தேன். காம்பரா என்றால் ஒரு குடும்பத்துக்கான ஒற்றை அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒரு இஸ்தோப்பு (திண்ணை), அதில் ஒரு மூலையில் அடுப்பு. அப்பாயி, அப்பா, அம்மா, நான், தம்பி, தங்கச்சி. ஆறு பேருக்கு 120 சதுர அடி. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டின இரட்டை லயம் என்பதால் பின்பக்கம் கதவும் இல்லை, சன்னலும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். பக்கத்துச் சுவர்களும் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழம் போய் நின்றுவிடும். அதற்கு மேல் தகரம் வரை வெறும் வெளிதான். ஒரு வீட்டில் அடுப்புப் பற்ற வைத்தால் நாலு வீட்டுக்காரர்கள் இருமுவார்கள்.

மார்கழி, தை மாதத்தில் விடியற்காலைக் குளிர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேத்தண்ணிக்குக் கேத்தல் கொதிக்கும்போது எழும்புகிற ஆவி மேலே போய்க் குளிர்ந்த தகரத்தில் படும். வருடக்கணக்காகப் படிந்த புகைக்கரி அந்த ஈரத்தில் கரைந்து சொட்டுச் சொட்டாகக் கீழே விழும். தார் மாதிரி கறுப்பு. அம்மா எங்கள் வெள்ளைச் சட்டைகளை ஒரு உரச் சாக்குக்குள் மடித்து வைத்து, வாசலை விட்டு இறங்கிய பிறகுதான் போட்டுவிடுவார். அப்படியும் என் காலரில் ஒரு சொட்டு விழுந்து, பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் முன்னால் என்னை எழுப்பி நிறுத்தி, குளித்துவிட்டு வந்தாயா என்று கேட்டார்கள். நாற்பது வயது தாண்டிவிட்டேன், அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

தங்கச்சிக்கு இழுப்பு. இரவில் மூச்சு வாங்க ஆரம்பித்தால் அப்பா போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நடப்பார். அங்கே இருந்த மருந்துக்காரையா நல்ல மனிதர். "மருந்து நான் தருவேன், புகையை யார் நிறுத்துவது? அடுப்பை வெளியே கொண்டு போங்கள்" என்றார். 1994-இல் அப்பா அதைச் செய்தார். பின்பக்கம் இல்லாததால் வாசலுக்கு எதிரே, எங்கள் மரக்கறிப் பாத்தியின் ஓரத்தில், தார் பீப்பாய்த் தகரங்களைத் தட்டி விரித்து, நாலு கம்பு நட்டு, ஆறடிக்கு ஆறடி ஒரு குசினி (சமையலறை) போட்டார். பதினொரு நாள் அம்மா அதில் சமைத்தார். பதினொரு நாளும் தங்கச்சி விடிய விடியத் தூங்கினாள்.

பன்னிரண்டாம் நாள் தோட்ட நிர்வாகத்திலிருந்து ஆள் வந்தது. தோட்டக் காணியில் அனுமதியில்லாமல் கட்டியிருக்கிறீர்கள், பிடுங்காவிட்டால் வேலை நிறுத்தப்படும் என்றார்கள். அப்பா யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. வேலை முடிந்து வந்து, இருட்டுகிற நேரத்தில், தானே ஒவ்வொரு ஆணியாகக் கழற்றினார். ஆணிகளை நிமிர்த்தி ஒரு பால்மாப் பேணியில் போட்டு வைத்தார். தங்கச்சி அந்த மாதம் மறுபடியும் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

இதை ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் என்றால், குறைந்தபட்சத் தரம் என்றதும் எல்லோரும் எத்தனை சதுர அடி என்றுதான் பேசுகிறார்கள். இடம் முக்கியம்தான். ஆனால் எங்கள் பிரச்சினை அந்த 120 சதுர அடியோடு முடியவில்லை. பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது என்று தெரிந்தும், காரணம் தெரிந்தும், கையில் தகரமும் ஆணியும் இருந்தும், அப்பாவால் ஒரு அடுப்பை நகர்த்த முடியவில்லை. சுவர் அவருடையது இல்லை, வாசல் அவருடையது இல்லை, கூரையில் ஒரு தகரம் மாற்றுவதற்கும் கையெழுத்து வேண்டும். ஆகவே, தம்பி, உங்கள் பட்டியலில் முதல் இடம் காணி உறுதிக்குத்தான், அதாவது நிலப் பத்திரத்துக்குத்தான். வீட்டுக்கு முன்னால் அதைக் கேளுங்கள். கணவன் பெயரில் மட்டும் எழுதாமல் மனைவி பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மலையில் கொழுந்து பறித்துக் குடும்பத்தைத் தாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான்.

இதை நானாக உருவாக்கிச் சொல்லவில்லை. பொருளாதார, சமூக, கலாசார உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையில் இலங்கை 1980-இலேயே சேர்ந்துவிட்டது. போதுமான வீடு என்றால் என்ன என்று அந்த உடன்படிக்கைக்கான குழு 1991-இல் விளக்கம் எழுதியபோது ஏழு விஷயங்களைச் சொன்னது. அதில் முதலாவது குடியிருப்பு உரிமைக்குச் சட்டப் பாதுகாப்பு. தண்ணீர், கழிப்பறை, சமையலுக்கான வசதி, குளிரும் ஈரமும் தாக்காத கட்டடம் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஐ.நா. வாழிட அமைப்பு சேரிக் குடும்பம் எது என்று பார்க்கிறபோதும் ஐந்து குறைகளைத்தான் தேடுகிறது: உறுதியான கட்டடம் இல்லை, ஒரு அறையில் மூன்று பேருக்கு மேல், நல்ல தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை, குடியிருப்பு உரிமை இல்லை. ஒரு குறை இருந்தாலே அது சேரிக் கணக்கில் வரும். எங்கள் காம்பராவில் ஐந்தும் இருந்தன. கூட்டத்தில் யாராவது "சட்டம் பேசாதே" என்றால் இதைச் சொல்லுங்கள். நாம் கேட்பது சலுகை இல்லை, நாடு ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட விஷயம்.

இன்னொன்றும் சொல்லுங்கள். 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதனால் நம் தோட்டங்களுக்குள் பிரதேச சபை ஒரு பாதை போடவோ வடிகால் வெட்டவோ முடியாமல் கிடந்தது. ஓட்டு மட்டும் போடுவோம். 1992-இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகள் கைக்குப் போன பிறகு, கம்பனியைக் கேட்டால் அரசாங்கத்தைக் கேள் என்பார்கள், அரசாங்கத்தைக் கேட்டால் கம்பனியைக் கேள் என்பார்கள். 2018-இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். அதே வருடம் தோட்டப் பகுதியில் புதிய கிராமங்களை உருவாக்க ஒரு அதிகார சபைக்கும் சட்டம் வந்தது. ஆகவே இப்போது பாதைக்கும் வடிகாலுக்கும் சபை உறுப்பினரின் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். லயத்துக் காம்பராவுக்கு விலாசம் கிடையாது. கடிதம் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குப் போய், அங்கிருந்து யாராவது கொண்டு வந்தால்தான் உண்டு. 2004-இல் ஒரு ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் எனக்கு வந்தது, பரீட்சை முடிந்து ஒன்பது நாள் கழித்து. ஆபீசில் ஒரு மேசையில் கிடந்ததாம். கேட்டதற்கு, மழை, ஆள் வரவில்லை என்றார்கள். அடுத்த வாய்ப்புக்கு மூன்று வருடம் காத்திருந்தேன். வீட்டுக்கு ஒரு இலக்கம், பாதைக்கு ஒரு பெயர், தபால்காரர் வாசலுக்கு வருவது, இதற்கெல்லாம் ஒரு மூட்டை சீமெந்துகூடச் செலவாகாது. இதையும் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, அளவுக்கு வருவோம். இந்திய உதவியில் மலையகத்தில் முதலில் கட்டிய 4,000 வீடுகள் 550 சதுர அடி, காணி ஏழு பேர்ச்சஸ். அப்புறம் 2017-இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்தபோது இன்னும் 10,000 என்று அறிவித்தார். ஏழு பேர்ச்சஸ் என்பது சுமார் 1,905 சதுர அடி. வீடு போக மிச்சத்தில் கழிவறைக் குழி, பாதை, பாத்தி எல்லாம் அடங்க வேண்டும். இதைக் குறை சொன்னால் நன்றி கெட்டவன் என்பார்கள். சொல்லிவிடுகிறேன், நான் அந்த உதவியைக் கையெடுத்துக் கும்பிடுகிறவன். 2018-இலிருந்து என் அம்மா அப்படியான ஒரு வீட்டில்தான் இருக்கிறார். அந்த வீடு வந்த பிறகு அவருடைய இருமல் பாதியாகக் குறைந்ததைக் கண்ணால் பார்த்தேன். எல்லாத் தோட்டமும் எங்கள் தோட்டம் மாதிரி இருந்தது என்றும் சொல்லவில்லை. கூரை மாற்றி, குசினி ஒதுக்கி, வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டிக் கொடுத்த நிர்வாகங்களும் உண்டு. எங்களுக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

ஆனால் 550-ஐ உச்சமாக நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகள் பெரியவர்களானால் இரண்டு அறை போதாது. அத்திவாரத்தையும் சுவரையும் பின்னால் ஒரு அறை சேர்க்கிற மாதிரி போடச் சொல்லுங்கள். கேட்டால் செய்வார்கள், கேட்காவிட்டால் யாருக்கும் தோன்றாது.

குளிரைப் பற்றியும் கேளுங்கள். குளிர்ப் பிரதேசத்தில் வீட்டுக்குள் 18 பாகை செல்சியஸாவது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இருக்கிறது. நம் பக்கத்தில் இரவில் அதற்கு எவ்வளவோ கீழே இறங்கும். கொழும்பு வெயிலை மனதில் வைத்து வரைந்த வீட்டை இங்கே கொண்டு வந்து கட்டினால் கிழவிகளும் கைக்குழந்தைகளும்தான் அவதிப்படுவார்கள். கூரைக்குக் கீழே மட்டப்பலகை அடித்துத் தருவார்களா என்று கேளுங்கள். தண்ணீர் வீட்டுக்குள் வர வேண்டும், கழிப்பறை வீட்டோடு இருக்க வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை.

மண்ணைப் பார்க்காமல் மட்டும் எந்த இடத்துக்கும் சம்மதிக்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் அப்படியே மண்ணுக்குள் போனதை நினைத்துப் பாருங்கள். அந்த இடம் ஆபத்தானது என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை எழுத்தில் கையில் வந்த பிறகு இடத்தைக் குறிக்கக் கொடி நடச் சொல்லுங்கள். தேயிலை நன்றாக வராத சரிவைத்தான் வீட்டுக்கு ஒதுக்குவார்கள். ஏன் அங்கே தேயிலை வரவில்லை என்று தோட்டத்துப் பழைய ஆட்களைக் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கடைசியாக, நாங்கள் செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன். எங்கள் டிவிசனுக்கு (தோட்டப் பிரிவுக்கு) வீட்டு வரைபடம் வந்தபோது யாருக்கும் அது புரியவில்லை. கோடும் எண்ணுமாக இருந்தது. நானும் இன்னும் நாலு பேரும் இரண்டு கிலோ சுண்ணாம்பு வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் பந்தடிக்கிற மைதானத்தில் அந்த வரைபடத்தை முழு அளவில் போட்டோம். சுவர் இருக்கிற இடத்தில் கோடு, கதவு இருக்கிற இடத்தில் இடைவெளி. லயத்திலிருந்து பாய், அலுமாரி, மேசை எல்லாம் தூக்கிக்கொண்டு வந்து வைத்துப் பார்த்தார்கள். ஒருவர் கட்டில் போட்டால் கதவு திறக்காது என்று கண்டுபிடித்தார். ஒரு அக்கா கழிப்பறைக் கதவு நேராக விறாந்தையைப் பார்க்கிறது, மாற்றுங்கள் என்றார்.

அம்மா குசினிக் கோட்டுக்குள் போய் நின்றார். கொழுந்துக் கூடை சுமந்து வளைந்த முதுகு. இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். புகைக்கூண்டு எந்த இடம் என்று கேட்டார், காட்டினோம். அப்புறம், "மிலாறு எங்கப்பா அடுக்குறது?" என்றார்.

வரைபடத்தில் விறகுக்கு இடமே இல்லை. காஸ் அடுப்பு வைத்துச் சமைக்கிறவர் யாரோ வரைந்தது. தோட்டத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினால் விழுகிற குச்சிகள்தான் மிலாறு, அதுதான் எங்களுக்கு விறகு, மழைக்காலத்தில் அது நனைந்தால் வீடு முழுக்கப் புகை. ஏழெட்டுப் பெண்கள் உடனே அம்மா பக்கம் வந்து நின்றுகொண்டார்கள். அதிகாரி ஒருவர் வந்திருந்தார், அவரும் கோட்டுக்குள் வந்து நின்று பார்த்தார். பின்பக்கக் கூரையை மூன்றடி நீட்டித் தருகிறோம் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

அந்த மூன்றடி நிழலில் இன்றைக்கும் அம்மா மிலாறு அடுக்குகிறார். உங்கள் வரைபடம் வந்ததும் சுண்ணாம்பு வாங்குங்கள் தம்பி. கோட்டுக்குள் முதலில் பெண்களைப் போய் நிற்கச் சொல்லுங்கள், அவர்கள் சொல்வதை ஒருவர் பக்கத்தில் நின்று எழுதட்டும்.