படகில் வருகிறவர்களும் வரி கட்டுகிற நீங்களும்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். திருச்சியிலிருந்து வேலை விசாவில் பிரித்தானியா வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. வரியும் கட்டி, விசாவோடு வாங்குகிற சுகாதாரக் கட்டணமும் கட்டி, லண்டன் ஹரோவில் ஓர் அறைக்குச் சம்பளத்தில் பாதியைக் கொடுக்கிறீர்கள். பிரான்ஸ் பக்கமிருந்து படகில் வந்து அகதியாக விண்ணப்பிக்கிறவர்களுக்கு ஹோட்டல், சாப்பாடு, செலவுக்குக் காசு எல்லாம் சும்மா கிடைக்கிறது என்று பேப்பர் எழுதுகிறது. வேலையிடத்திலும் அதே கதை. கோயிலில் பழக்கமான ஓர் அங்கிள், அடுத்த முறை தன் வோட்டு குடியேற்றத்தை எதிர்க்கிற ரிஃபோர்ம் கட்சிக்குத்தான் என்கிறார். எனக்குக் கோபம் வந்தால் என்ன பிழை, வாக்கே இல்லாத நமக்கு இந்த ஊர் அரசியல் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோபத்தில் பிழை இல்லை. நான் வாழ்நாளில் பெரும்பகுதி லண்டனில் தபால்காரனாக நடந்தவன். என் தொழில் பாஷையில் சொன்னால், விலாசம்தான் பிழை. வாக்கு இல்லை என்றீர்களே, அதுவும் பிழை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் உங்கள் காசு எங்கே போகிறது என்று பார்ப்போம். அந்தச் சுகாதாரக் கட்டணம் 2015-ல் தொடங்கியபோது வருடத்துக்கு 200 பவுண்டு. 2024 பெப்ரவரியிலிருந்து 1,035 பவுண்டு. மூன்று வருட விசா என்றால் ஒரு தலைக்கு 3,105 பவுண்டு, அதுவும் முற்பணம். இதைப் படகுக்காரன் ஏற்றவில்லை. அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் கூட்ட வேண்டும், ஆனால் பணக்காரர்மேல் வரி போட மனமில்லை என்ற நிலையில், 2023 ஜூலையில் ரிஷி சுனக்கின் அரசு கைவைத்தது உங்களைப் போன்றவர்களின் பையில். உங்களுக்கு வாக்கில்லை என்று அவர்களும் நினைத்திருப்பார்கள் போல.

இனி ஹோட்டல். சாப்பாடு தருகிற ஹோட்டலில் வைத்திருக்கும் அகதி விண்ணப்பதாரருக்கு அரசு கொடுத்துவந்த கைச்செலவு வாரத்துக்கு 9.95 பவுண்டு. ஒரு நாளைக்கு ஒன்றரைப் பவுண்டுகூட இல்லை. இங்கே பஸ்ஸில் ஒரு தரம் ஏற அது காணாது. வேலை செய்யவும் விடமாட்டார்கள். பன்னிரண்டு மாதம் முடிவு வராமல் இழுபட்டால்தான் அனுமதி கேட்கலாம், அதுவும் குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டும். அப்படியானால் பேப்பர் சொல்கிற அந்தக் கோடிக்கணக்கான பவுண்டு எங்கே போகிறது? அகதிகளைத் தங்கவைக்க 2019-ல் மூன்று தனியார் நிறுவனங்களோடு பத்து வருட ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 450 கோடி பவுண்டு ஆகும் என்று எதிர்பார்த்தது 1,530 கோடியாக உயரும் என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 மே மாதம் கணக்குச் சொன்னது. அந்த மூன்றில் ஒன்றைத் தொடங்கிய மனிதர் அதே 2025-ல் நாட்டின் பணக்காரர் பட்டியலில் நூறு கோடி பவுண்டு சொத்தைத் தாண்டினார். இதைக் கேட்டு உங்களுக்குக் கோபம் வருமென்றால் நானும் கூடவே கோபப்படுகிறேன்.

முறையாக விசா எடுத்து வரலாமே என்று கேட்கிறீர்கள். அகதியாக விண்ணப்பிக்க வருகிறேன் என்று சொல்லி எடுக்க விசா என்று ஒன்று கிடையாது, தம்பி. எங்கள் ஆட்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கதவைப் பூட்டியதே எங்களை வைத்துத்தான். 83 கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் வரத் தொடங்கியதும், 1985-ல் பிரித்தானியா இலங்கையருக்கு விசா கட்டாயம் என்றது. பொதுநலவாய (காமன்வெல்த்) நாடொன்றின் குடிமக்களுக்கு அப்படி விதித்தது அதுதான் முதல் தடவை. அடுத்த வருடமே இந்தியாவுக்கும் வந்துவிட்டது. 1987 பெப்ரவரியில் அறுபது தமிழர் அளவில் ஹீத்ரோவில் வந்து இறங்கினார்கள். திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்றப் போனபோது உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளாடையோடு, மாசிக் குளிரில் ஓடுபாதைப் பக்கம் நின்று மறித்தார்கள். நீதிமன்றம் தலையிட்டு அன்றைக்கு விமானம் அவர்களை ஏற்றாமல் போனது. அரசு சும்மா இருக்கவில்லை. விசா இல்லாத ஆளை ஏற்றி வந்தால் விமான நிறுவனத்துக்குத் தலைக்கு 1,000 பவுண்டு தண்டம் என்று அந்த வருடமே சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு விமானத்தில் வருகிற வழி அடைபட்டது. லொறியின் அடியும் ரப்பர் படகும் வழியாயின. இன்றைக்குப் பேப்பரில் பார்க்கிற படகுக்குப் பின்னால் எங்கள் ஆட்களின் அந்த நாள் இருக்கிறது.

அதே வருடம் ஹாரிச் துறைமுகத்தில் ‘ஏர்ல் வில்லியம்’ என்ற பழைய பயணிகள் கப்பலைக் கட்டி வைத்து அகதிகளை அடைத்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பொடியன்கள். ஒக்டோபர் 16 அதிகாலை இங்கிலாந்தை ஒரு பெரும் புயல் அடித்தது, கப்பல் கட்டறுந்து போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அவர்களை வெளியே விட்டார்கள். 2023-ல் போர்ட்லண்டில் மிதவையில் அகதிகளை வைக்கப் போகிறோம் என்று புதுக் கண்டுபிடிப்பு மாதிரி அறிவித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இன்னும் கிட்டத்தில், 2021-ல் கடலில் தத்தளித்த தமிழர்கள் இந்து சமுத்திரத்தில் பிரித்தானியா வசமிருந்த டியேகோ கார்சியாத் தீவில் கரையேறியபோது, அவர்களை மூன்று வருடம் கூடாரங்களில் வைத்திருந்தது பிரித்தானியா. அது சட்டவிரோதத் தடுப்பு என்று 2024 டிசம்பரில் நீதிபதி தீர்ப்புச் சொன்னார்.

நானும் ஒழுங்கான தாளோடு வந்தவன் இல்லை. 86-ல் எப்படி வந்தேன் என்பதை இங்கே எழுதவும் மாட்டேன்.

வந்த புதிதில் ஒரு தமிழரின் பேப்பர் கடையில் நின்றேன். காலை நாலரைக்கு வான்காரன் கட்டுகளை ஷட்டருக்கு முன்னால் எறிந்துவிட்டுப் போவான். மழை என்றால் மேல் பிரதிகள் நனைந்து ஊறிப் போயிருக்கும். பிளாஸ்டிக் பட்டியை வெட்டி, இணைப்புகளை ஒவ்வொன்றாக உள்ளே செருகி, ஆறு மணிக்குள் தட்டில் அடுக்க வேண்டும். முதல் பக்கம் தெரிய அடுக்கு என்பார் முதலாளி. முதல் பக்கத்தில் போலி அகதிகள் என்று நாங்கள்தான். அதை எங்களிடமே வாங்கிக்கொண்டு, “குட் மோர்னிங்” சொல்லிவிட்டுப் போவார்கள் சனம். அன்றைக்கு எங்களைத் திட்டியது போலப் பிறகு கொசோவோக்காரரை, ருமேனியரை, சிரியரை. ஆள் மாறுகிறது, எழுத்து மாறவில்லை.

எந்தப் பேப்பரை நம்பலாம் என்பதற்கு முன், எது யாருடையது என்று பாருங்கள். சன்னும் டைம்ஸும் மர்டொக் குடும்பத்தினுடையவை. ஸ்ரேஷனில் சும்மா கிடைக்கிறது என்று எடுக்கிறீர்களே மெட்ரோ, அதற்கும் டெய்லி மெயிலுக்கும் ஒரே முதலாளி, ரொதமியர் பிரபு. அவருடைய கொள்ளுத் தாத்தா 1934-ல் மோஸ்லியின் கருஞ்சட்டைப் பாசிஸ்டுகளை வாழ்த்தித் தன் பேப்பரிலேயே எழுதினார். ஹில்ஸ்பரோ விளையாட்டரங்கில் நெரிசலில் 97 உயிர் போக, செத்தவர்களின் பைகளில் லிவர்பூல் அணி ரசிகர்களே திருடினார்கள் என்று 1989-ல் சன் முதல் பக்கத்தில் போட்டது. முழுப் பொய். லிவர்பூலில் இன்றைக்கும் கனபேர் அந்தப் பேப்பரைக் கையால் தொடுவதில்லை. இங்கே யாரும் பேப்பர் வாங்குவதில்லையே என்பீர்கள். வாங்கத் தேவையில்லை. இரவு பத்தரைக்கு மேல் பிபிசியில் மறுநாள் முதல் பக்கங்களைக் காட்டி ஆள் வைத்துக் கதைப்பார்கள். உங்கள் அலுவலகத்தின் காலைக் கதை அங்கேதான் பிறக்கிறது. கார்டியனையும் வேதமாக எடுக்க வேண்டாம், அதில் வேறு விதமான சௌகரியம் இருக்கிறது. ஆனால் அதன் பின்னால் பிரபு இல்லை, ஓர் அறக்கட்டளை.

உங்கள் அறை வாடகைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1980-ல் தட்சர் அரசு, உள்ளாட்சி வாடகைக்கு விடும் கவுன்சில் வீடுகளைக் குடியிருப்போருக்கே மலிவாக விற்கச் சட்டம் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் மட்டும் கிட்டத்தட்ட 20 லட்சம் வீடு போனது. அதற்கு ஈடாகக் கட்டவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இடதுசாரிக் கிழவன் லேபர் கட்சிக்கு வோட்டுக் கேட்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள். 2000-ல் அகதிகளுக்குக் காசுக்குப் பதில் வவுச்சர் கொடுத்தது டொனி பிளேயரின் லேபர் அரசு. சுப்பர்மார்க்கெற் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தமிழ்ப் பிள்ளை, இடுப்பில் குழந்தை. ஐந்து பவுண்டுத் தாளை நீட்டினாள், சாமானோ நாலு பவுண்டுச் சொச்சம். வவுச்சருக்கு மீதி கொடுக்கக் கூடாது என்பது அரசின் விதி. காசாளர் பெண்ணும் பாவம், அவளுக்கே வெட்கம். இவள் குழந்தையோடு திரும்பப் போய் அறுபது பென்சுக்கு எதையாவது தேடினாள், வரிசையில் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். மீதிக் காசு கடைக்காரருக்கு லாபம். தொழிற்சங்கங்கள் கத்தித்தான் 2002-ல் அது ஒழிந்தது. அதே வருடம், ஆறு மாதம் காத்திருந்தால் வேலை செய்யலாம் என்று இருந்த சலுகையையும் அதே லேபர் எடுத்தது. 2024-ல் வெறும் 33.7 சதவீத வாக்கில் 411 இடம் பிடித்து வந்தவர்கள், மூன்றாவது குழந்தைக்கு உதவித்தொகை இல்லை என்ற விதியை எதிர்த்து வாக்களித்த தங்கள் ஏழு எம்பிக்களை அந்த ஜூலையிலேயே இடைநிறுத்தினார்கள். பிறகு 2025 நவம்பர் பட்ஜெட்டில் அந்த விதியையே நீக்குவதாக அறிவித்தார்கள். ஏழு பேர் சொன்னது சரி என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. உங்களுக்கு நிரந்தர வதிவிடம் ஐந்து வருடத்தில் அல்ல, பத்து வருடத்தில் என்ற திட்டமும் இவர்களுடையதுதான்.

அங்கிளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். நிரந்தர வதிவிடம் என்பதையே ஒழிப்போம், ஏற்கெனவே வைத்திருப்பவர்களும் திரும்ப விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று 2025 செப்டெம்பரில் ரிஃபோர்ம் தலைவர் ஃபராஜ் அறிவித்தது அவருக்குத் தெரியுமா? தன்னிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கிறது என்பார். கோயிலில் பக்கத்தில் உட்காருகிற பாதிப்பேரிடம் இல்லையே.

2024 ஜூலைக் கடைசியில், சவுத்போர்ட் என்ற ஊரில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டதை வைத்து, கொலையாளி படகில் வந்தவன் என்ற பொய்யில் கலவரம் வெடித்தது. சண்டர்லண்டில் அவசர வேலைக்கு டாக்சியில் போன பிலிப்பைன்ஸ் தாதியர் இருவருக்குக் கல்லெறி விழுந்தது. எந்த விசா என்று யாரும் கேட்டு எறியவில்லை. சிவானந்தன் என்று ஒருவர் இருந்தார், இனவுறவுகள் ஆய்வு நிறுவனத்தைக் கனகாலம் நடத்தியவர், யாழ்ப்பாணத்துப் பின்னணி. கொழும்பில் வங்கி அதிகாரி. 58 கலவரத்தோடு நாட்டை விட்டு லண்டன் வந்தால், இங்கே நொட்டிங் ஹில்லில் கறுப்பர்களை அடித்துக்கொண்டிருந்தார்கள். வங்கி அதிகாரிக்குக் கிடைத்தது நூலகமொன்றில் தேநீர் கொடுக்கும் வேலை. நீங்கள் அங்கே இருந்தீர்கள், அதனால் நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று வெள்ளையரைப் பார்த்துச் சொன்ன ஆள் அவர்தான்.

சங்கத்தில் சேருங்கள். விசாவில் இருப்பவர் சேரத் தடை இல்லை. மேலாளரிடம் சொல்ல வேண்டியதும் இல்லை. ஐடி ஆட்களுக்கும் எங்கள் தபால் சங்கத்துக்குள் தனிக் கிளை இருக்கிறது. உங்கள் ஹரோவிலிருந்து கொஞ்சத் தூரத்தில் டொலிஸ் ஹில்லில், 1976-ல் கிரன்விக் புகைப்படக் கழுவகத்தில் ஜெயாபென் தேசாய் என்ற குஜராத்திப் பெண் சேலையோடு வாசலில் நின்று வேலைநிறுத்தம் தொடங்கினார். கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த பெண்கள்தான் பெரும்பாலும். அந்தத் தொழிற்சாலை ஓடியதே தபாலில் வரும் பிலிம் சுருளில். கிரிக்கில்வுட் தபால்காரர்கள், வெள்ளைக்காரர்கள், அந்தத் தபாலைத் தொடமாட்டோம் என்று சம்பளத்தை இழந்து நின்றார்கள். இரண்டு வருடம் போராடித் தோற்றார்கள், அது வேறு கதை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அதில் நின்ற கிழவர்கள் இன்னும் பெருமையாகச் சொல்வார்கள்.

கடைசியாக வாக்கு. நீங்கள் இந்தியக் குடிமகன், இந்தியா பொதுநலவாய நாடு. செல்லுபடியான விசாவில் இங்கே வசிக்கும் பொதுநலவாய நாட்டவர் உள்ளாட்சி, நாடாளுமன்றம் எல்லாத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். அரசின் இணையத்தளத்தில் தேசியக் காப்புறுதி எண்ணைப் போட்டுப் பதிந்தால் போதும், ஐந்து நிமிட வேலை. பட்டியலில் பெயர் இருந்தால் வங்கிக் கடனுக்கும் உதவும். வாக்குச் சாவடிக்குப் படம் உள்ள அடையாள அட்டை வேண்டும். 2022-ல் கன்சர்வேட்டிவ் அரசு கொண்டுவந்த சட்டம். என் போன்ற அறுபது தாண்டியவர்களின் ஒய்ஸ்டர் என்கிற லண்டன் பயண அட்டை செல்லும் என்றும், மாணவர்களின் ஒய்ஸ்டர் செல்லாது என்றும் எழுதி வைத்தார்கள், யார் யாருக்குப் போடுவார்கள் என்று தெரியாதவர்கள் மாதிரி. உங்கள் இந்தியப் பாஸ்போர்ட் செல்லும்.