மதிலை ஒட்டி ஓர் ஊர்

வணக்கம்.
மேடவாக்கம் தாண்டி ஓர் அடுக்ககத்தில் நான்கு வருடமாக இருக்கிறேன். மதிலை ஒட்டி அறுபது எழுபது வீடுகளோடு பழைய ஊர் ஒன்று. வெள்ளந்தியான மனிதர்கள். பத்து வருடத்தில் இந்த ஊர் இருக்காது என்று நினைத்தால் மனம் கனக்கிறது. ஏரிக்கரையில் நடைபாதை போட எங்கள் சங்கத்தில் பேசுகிறோம். அவர்களுக்காக வேறென்ன செய்யலாம்? இதைப் பற்றி நாவல் ஏதாவது சொல்லுங்களேன்.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நாவல் அப்புறம். மனம் கனப்பதும் நல்லதுதான், கேலி செய்யவில்லை. ஆனால் அந்த 'வெள்ளந்தி'யை விட்டுவிடுங்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்குத்தான் அந்தப் பக்கத்து ஆள் வெள்ளந்தி. நிலம் சென்ட் என்ன விலை போகிறது என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

ஒரு வாரமாக எங்கள் ஊர் நீர்கட்டியை, அதாவது ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடுபவரை, நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம். எங்களுடையதும் ஏரிக்கரை ஊர். 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது உள்ளே போனது. மதகைத் திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று முறை வைப்பது எல்லாம் அந்த நீர்கட்டிதான். கூலி, களத்தில் அளந்து போடும் நெல். ஏரியின் ஒவ்வொரு படித் தண்ணீருக்கும் கணக்கு வைத்திருந்த அவருக்கு, அந்தத் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. எங்கள் வீட்டில் அவருக்குச் சோறு கொல்லைப்புறத்தில்தான். நீங்கள் ஏங்குகிற ஊர் இதையும் சேர்த்துத்தான்.

வயல் மனையானதும் மதகு யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. கோடையில் வற்றி ஐப்பசி மழைக்கு இடம் விட்டு நிற்க வேண்டிய ஏரி, சாக்கடையும் வந்து சேர, பாதி நிரம்பியே மழைக்குக் காத்திருக்கிறது. மிஞ்சுவது, ஏரி நிரம்பினால் வழிவதற்கென்று கரையில் கட்டிய கலங்கல் வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும். கலங்கலிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து அடுத்த ஏரி, அதன் கலங்கலிலிருந்து அதற்கடுத்தது, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு. நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் தண்ணீர் நிற்கும், எங்கே நிற்கும் என்றால் வீட்டுக்குள். கரையை எவ்வளவு அழகாக்கினாலும் சரி, கால்வாய் இல்லாத ஏரி வெறும் தொட்டி. இதை எத்தனை கூட்டத்தில் சொல்லிவிட்டேன், எல்லோரும் கரையில் பூச்செடி வைப்பதைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

2015 டிசம்பரில் ஊரே மிதந்தபோது கால்வாய் எங்கே என்று ஆளாளுக்குத் தேடினார்கள். நீர்கட்டியை யாரோ பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முழங்கால் தண்ணீரில் நின்று ஓர் அடுக்ககத்தின் கார் நிறுத்தத்தைக் காட்டினார்: "கால்வா இதுக்குள்ளதாங்க போவுது." தண்ணீர் வடிந்ததும் அந்த அடுக்ககத்தில் செய்த முதல் வேலை, மதிலை இரண்டடி உயர்த்தியது. அடுத்த மழைக்குத் தண்ணீர் அவர் இருந்த காலனிப் பக்கம் திரும்பியது.

நடைபாதை போடுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார். அதற்கு முன்னால் அந்த ஊரில் நீர்கட்டி வீடு எது என்று விசாரியுங்கள். அவரையோ அவர் பிள்ளைகளையோ உங்கள் சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து, கலங்கல் கால்வாய் உங்கள் வளாகத்தில் எந்த இடத்தில் போகிறது என்று கேளுங்கள். ஐப்பசிக்கு முன்னால் கேட்டால் நல்லது.