லிமிங்டனிலிருந்து பூலுக்கு: படகிலேயே வசிப்போரின் கேள்விகளும் பதில்களும்

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள லிமிங்டனில் பாய்மரப் படகையே வீடாகக் கொண்டு வாழ்பவர்கள், சுமார் 20 கடல் மைல் மேற்கே உள்ள பூல் துறைமுகத்துக்கு வார இறுதிப் பயணம் செல்வது குறித்துக் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

கேள்வி: குளிர்காலம் முழுவதும் படகு கட்டியபடியே இருந்தது. புறப்படுமுன் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: படகின் அடிப்பகுதியையும் டீசல் தொட்டியையும் பாருங்கள். அடியிலும் ப்ரொப்பெல்லரிலும் படிந்த பாசியும் சிப்பியும் வேகத்தைக் குறைத்துவிடும். தொட்டியில் தங்கிய கசடு அலையில் கலங்கி வடிகட்டியை அடைத்தால், இயந்திரம் மிகவும் தேவைப்படும் நேரத்தில் நின்றுபோகும். ஆகவே மாற்று வடிகட்டியை வாங்கி வைத்திருப்பதோடு, அதை மாற்றவும் எரிபொருள் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றவும் துறையிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டுச் சாமான்களை எல்லாம் கட்டிவைக்க வேண்டுமா?

பதில்: ஆம், எல்லாவற்றையும். காற்று பாயை நிரப்பியதும் படகு ஒருபக்கம் சாயும். அப்போது தாழ்ந்த பக்கத்தில் பாத்திரம் கழுவும் தொட்டி இருந்து, அதன் வடிகால் அடைப்பானும் திறந்திருந்தால், கடல்நீர் அதன் வழியே மேலேறித் தொட்டியை நிரப்பித் தரைக்கும் வழியும். அந்த அடைப்பானை மூடுவதும், கேஸ் சிலிண்டரை வால்வில் நிறுத்துவதும், கரை மின்சாரக் கேபிளைக் கழற்றுவதும் கயிற்றை அவிழ்க்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

கேள்வி: காலையில் சாவகாசமாகக் கிளம்பலாமா?

பதில்: புறப்படும் நேரத்தை, கரைக்கும் வைட் தீவுக்கும் இடையே ஹர்ஸ்ட் கோட்டை அருகிலுள்ள குறுகலில் ஓடும் நீரோட்டமே தீர்மானிக்கிறது. பெரிய ஓத நாட்களில் அங்கே வேகம் 4 நாட்டைத் (மணிக்கு 4 கடல் மைல்) தாண்டும் என்பதால், 5 நாட் செல்லும் படகு அதை எதிர்த்தால் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். மேற்கு நோக்கிய ஓட்டம் போர்ட்ஸ்மத் துறைமுகத்தின் உயர் ஓத நேரத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு தொடங்குகிறது. அது தொடங்கியதும் ஹர்ஸ்டை அடையுமாறு கணக்கிட்டுக் கிளம்புங்கள். ஆனால் அதே ஓட்டம் வலப்புறம் உள்ள ஷிங்கிள்ஸ் கூழாங்கல் மேட்டின் மீது படகைத் தள்ளப் பார்க்கும். ஆகவே வெளியேறும்போது சிவப்பு மிதவைகள் எப்போதும் உங்கள் வலப்புறமே இருக்க வேண்டும். தென்மேற்குக் காற்று பலமாக இருந்தால், வைட் தீவின் மேற்கு முனையிலுள்ள நீடில்ஸ் பாறைகளுக்கு மேற்கே, பிரிட்ஜ் என்ற மிதவை அருகே, ஓட்டமும் காற்றும் எதிரெதிரே மோதிச் செங்குத்தான அலைகளை எழுப்பும். அத்தகைய நாளில் போகாமலிருப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பூல் நுழைவாயிலில் ஏதேனும் தனிக் கவனம் தேவையா?

பதில்: சாண்ட்பேங்க்ஸில் வாகனங்களை ஏற்றிச் சங்கிலியைப் பிடித்தபடி ஓடும் படகு வாயிலைக் குறுக்காகக் கடக்கும். அது கரை சேரும் வரை விலகி நில்லுங்கள். வற்றும் ஓதம் அங்கும் வேகமானது.

கேள்வி: ஹர்ஸ்டைக் கடந்தபின் பயமாக இருந்தால் திரும்பிவிடலாம் அல்லவா?

பதில்: திரும்ப முடியாது என்றே திட்டமிடுங்கள். ஓட்டம் மீண்டும் கிழக்கே திரும்ப ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகும். சந்தேகம் இருந்தால் குறுகலை நெருங்கும் முன்பே, எதிர்க்கரையான வைட் தீவில் உள்ள யார்மத் துறைக்குள் நுழைந்து அடுத்த நாள் வானிலை அறிக்கையைப் பார்த்து முடிவெடுங்கள்.